எம்4ஏ பாட்டுகளை எம்பி3 ஆக்கும்போது 320 வைத்தால் தரம் ஏறுமா?

காரில் போட 600 எம்4ஏ பாட்டுகளை எம்பி3 ஆக்கப் போகிறீர்கள், எல்லாம் 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட், 320 வைத்தால் தரம் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறாது. ஃபைல்தான் பெருக்கும். நான்கு நிமிடப் பாட்டு 128இல் 4 எம்பிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், 320இல் 10 எம்பியை நெருங்கும், உள்ளே அதே பாட்டுதான். சொல்லப்போனால் முன்னைவிடக் கொஞ்சம் தேய்ந்த பாட்டு.

நான் வெள்ளகோவில் பக்கம் ஒரு ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். திருப்பூரில் பனியன் வெட்டியது போக விழும் கட்டிங் வேஸ்ட் இந்த மாதிரி மில்களுக்கு வந்துதான் திரும்பப் பஞ்சாகி நூலாகிறது. துணியைக் கிழிக்கும்போது இழை அறுந்து நீளம் குறையும், அந்த நூலில் ஓட்டிய துணியைத் திரும்பவும் கிழித்தால் இன்னும் குறையும், அப்புறம் எத்தனை நல்ல மெஷினில் போட்டாலும் அறுந்த இழை வளராது. எம்பி3, ஏஏசி (எம்4ஏ ஃபைலுக்குள் பெரும்பாலும் இருப்பது இதுதான்), டபிள்யூஎம்ஏ என்று பாட்டைச் சுருக்கும் முறைகள் எல்லாம் இப்படித்தான். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருப்பதை 128க்குக் கொண்டுவருகிறார்கள் என்றால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது என்று கணக்குப் போட்டு அதைக் கழித்துவிடுகிறது. எதைக் கழிப்பது என்பதில் ஏஏசிக்கு ஒரு கணக்கு, எம்பி3க்கு வேறு கணக்கு. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, முதலாவது விட்டுவைத்ததில் இரண்டாவது கை வைக்கும். முதல் தடவை உண்டான கோளாறையும் பாட்டு என்றே நினைத்துப் பத்திரமாகச் சேர்த்துக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அண்ணமார் கோயிலில் உடுக்கையடித்துப் பாடுவார். 1996இல் ஒரு ராத்திரி பாடியதை மாமா கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அதை ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கி வந்தேன். அப்போதைய ஃபோன் மெமரி கார்டில் இடம் பத்தாததால் 64இல் ஏஏசி ஆக்கிவிட்டுப் பெரிய ஃபைலை அழித்துவிட்டேன். அப்புறம் அம்மாவின் பாட்டுப் பெட்டிக்காக எம்பி3, அப்புறம் தம்பி ஃபோனுக்காக இன்னொரு தடவை. கேசட்டோ பூஞ்சை பிடித்துப் போயிற்று.

அப்பிச்சி உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தி அழுத்தி விடுவார், சத்தம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப வரும். மூன்றாவது தடவை மாற்றியதில் அந்த இழுப்பே மங்கிவிட்டது, சலங்கை மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு இமைப்பொழுது முன்னாலேயே 'உஸ்' என்று ஒரு இரைச்சல். பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துச் சுருக்குவதால், அடி துண்டின் கடைசியில் விழுந்தால்கூட இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவிவிடும், அதனால்தான் அடிக்கு முன்னால் கேட்கிறது. உடுக்கை, தவில், கைத்தட்டு மாதிரி சுள்ளென்று விழும் சத்தத்தில்தான் இது முதலில் தெரியும். நல்ல வேளை, பெருந்துறையில் மாமா வீட்டு பீரோவில் அதே கேசட்டிலிருந்து எடுத்த ஆடியோ சிடி ஒன்று கிடைத்தது. ஃபிளாக்காக எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஃபிளாக் எதையும் கழிக்காமல் சுருக்கும், விரித்தால் சிடியில் இருந்த அதே எண்கள் திரும்ப வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரே ஒரு எம்4ஏவை பென்டிரைவில் போட்டுக் காரில் பாடுகிறதா என்று பாருங்கள், பாடினால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பாடாவிட்டால் லேம் என்ற எம்பி3 என்கோடர் உள்ள ஏதாவது மென்பொருளில், எஃப்எஃப்எம்பெக்கே போதும், விபிஆர் (பாட்டின் இடத்துக்குத் தக்கபடி பிட் அளவைக் கூட்டிக் குறைக்கும் முறை) வி2 வைத்து ஒரே தடவை மாற்றுங்கள், சராசரி 190 பக்கம் வரும். 128லிருந்து 128க்கே மாற்றினால் இரண்டாவது தேய்மானம் காதில் தெரியும், கொஞ்சம் தாராளமாக விட்டால் அது குறையும், 320 வரை போவது இட விரயம். நடுவில் ஏதாவது பாட்டு மட்டும் 25, 30 எம்பி இருந்தால் அது ஃபிளாக் மாதிரியே எதையும் கழிக்காத ஆப்பிள் லாஸ்லெஸ்ஸாக இருக்கலாம், அதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சத்தம் கூட்டிக் குறைக்க எம்பி3கெயின், வெட்ட எம்பி3டைரக்ட்கட், இரண்டுமே திரும்பச் சுருக்காமல் வேலை செய்யும். யாராவது '320 ஒரிஜினல்' என்று கொடுத்தால் ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள், சத்தத்தைப் படமாகக் காட்டும், அந்தப் படம் 16,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றால் பெரும்பாலும் அது 128ஐ ஊதிப் பெருக்கியது.

எம்4ஏக்களை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு வண்டி வாங்கினால் அதிலிருந்தே எடுங்கள், காரில் ஓடிய எம்பி3யிலிருந்து எடுக்காதீர்கள்.