தங்கைக்கு லூபஸ் கிட்னி பாதிப்பு: கார்-டி வரும்வரை மாத்திரையை நிறுத்தலாமா?

கடலூர் நண்பருக்கு, தங்கைக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) சிறுநீரகத்தைத் தாக்கி பயாப்ஸியில் நாலாம் வகுப்பு, அதாவது பாதிப்பு பரவலாக உள்ள தீவிர வகை, என்று வந்திருக்கிறது, ஜிப்மரில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபீனலேட் மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள், முகம் உப்பிவிட்டதால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீடியோவில் பார்த்த கார்-டி சிகிச்சைக்குக் காத்திருக்கிறேன் என்கிறார், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவே கூடாது. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதே தனி ஆபத்து.

வீடியோ பொய்யில்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, லூபஸைத் தூண்டும் பி செல்களை அவற்றின் மேலுள்ள சிடி19 என்ற அடையாளத்தை வைத்துத் தேடி அழிக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, கொஞ்சம் கீமோ கொடுத்தபின் அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் இப்படிச் செய்த ஐந்து லூபஸ் நோயாளிகளுக்கும் நோய் அடங்கி, மருந்தில்லாமல் இருந்ததாக 2022-ல் வெளியிட்டார்கள். ஐந்து பேர்தான், அதுவும் மற்ற மருந்துகளுக்கு மசியாதவர்கள். இந்தியாவில் 2023-ல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுநோய்க்கானது, லூபஸுக்கு அல்ல.

உங்கள் தங்கை இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லையே! அடுத்த ஓபியில் முக வீக்கத்தைச் சொல்லி, ஸ்டீராய்டை எப்படிப் படிப்படியாகக் குறைப்பார்கள் என்று கேளுங்கள். சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம், நோயின் வேகத்தைக் காட்டும் சி3, சி4 ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். பலன் போதவில்லை என்றால் டாக்ரோலிமஸ், ரிட்டுக்ஸிமாப் என்று அடுத்த வழிகள் இருக்கின்றன.

அப்புறம், கல்யாணப் பேச்சு ஓடுகிறது என்றீர்களே, அதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மைக்கோஃபீனலேட் கருவைப் பாதிக்கும், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடவும் விடாதீர்கள், அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.