உளியும் இயந்திரமும்: வால் கார்டேனா மரச்சிற்பிகள்

கேள்வி: இத்தாலியின் வால் கார்டேனா பள்ளத்தாக்கில் இத்தனை மரச்சிற்பிகள் உருவானது எப்படி? இயந்திரம் வந்த பிறகும் அங்கே கையால் செதுக்கிப் பிழைக்க முடிகிறதா?
– வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: வடக்கு இத்தாலியில் டோலமைட் மலைகளுக்கு நடுவே இருக்கிறது வால் கார்டேனா, அதன் முதன்மை ஊரான ஒர்ட்டிசேய் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மலைப் பகுதிக்கே உரிய லடின் மொழி பேசும் அந்த மக்கள் பெரும்பாலும் சிறு நிலம் வைத்திருந்த உழவர்கள். பனி மூடிய மாதங்களில் வயல்வேலை இல்லாமையும், ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் செம்ப்ரா பைன் வளர்ந்து நின்றமையும் சேர்ந்து அவர்களை உளி பிடிக்க வைத்தன. 17ஆம் நூற்றாண்டில் ட்ரெபிங்கர், வினாட்சர் குடும்பத்தினர் தேவாலயச் சிற்பங்களில் பெயர் பெற்றனர். ஆயினும் பள்ளத்தாக்கு முழுவதற்கும் சோறு போட்டவை புனிதர்களின் சிலைகளைவிடப் பொம்மைகளே என்பேன். பெண்களும் சிறுவர்களும் உட்பட வீடே உட்கார்ந்து செய்த, கைகால் மடங்கும் மரப்பாவைகளையும் விலங்கு உருவங்களையும் வணிகர்கள் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் கொண்டு சென்று விற்றார்கள்.

செம்ப்ரா பைன் மெதுவாக வளர்வது. மென்மையும் மணமும் உடையது. உளிக்கு எளிதில் இணங்கும். வண்ணம் பூச வேண்டிய நுட்பமான உருவங்களுக்கு, நாரோட்டம் அதிகம் தெரியாத லிண்டன் மரமும் பயன்படுகிறது. எந்த மரமானாலும் முதலில் நன்றாக உலர வேண்டும். உலர்ந்த பின்னும் வெடிப்பு விடக்கூடும் என்பதால், பெரிய சிலைகளின் முதுகுப்புறத்தை உள்ளே குடைந்து விடுவது பழைய வழக்கம். சுண்ணப்பூச்சும் வண்ணமும் தங்கத்தாளும் ஏற்றுவது தனித் தொழில். செதுக்கியவரே வண்ணமும் தீட்டுவார் என்று நாம் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் சரியல்ல.

இனி இயந்திரம். ஒரு மாதிரிச் சிலையின் மேல் ஊசிமுனை ஒன்று ஊர்ந்து செல்ல, அதே அசைவில் வெட்டுமுனைகள் பல மரக்கட்டைகளை ஒரே நேரத்தில் அதே உருவமாகக் குடைந்தெடுக்கும். அதன் பின்னர் முகத்தையும் மடிப்புகளையும் கையால் திருத்துவதுண்டு. ஆகவே ‘கைவேலை’ என்ற சொல்லை நம்பி வாங்குபவர்கள், முழுவதும் கையால் செதுக்கியதா, இயந்திரம் குடைந்த பின் கையால் திருத்தியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

பிழைப்பைப் பொறுத்தவரை, கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு தேவாலயங்கள் எளிமையை நாடியதால், பெரிய பலிபீட வேலைகள் குறைந்தன. சிலர் சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு உருவங்களுக்கு மாறினார்கள். வேறு சிலர் கலைக்கூடங்களை நோக்கிச் சென்றார்கள்: ப்ரூனோ வால்போத் ஆளுயர மனித உருவங்களைச் செதுக்குகிறார், கெஹார்ட் டெமெட்ஸ் சிறு கட்டைகளை ஒட்டி, இடையிடையே வெற்றிடம் விட்டுக் குழந்தைகளின் உருவங்களைச் செய்கிறார், ஆரோன் டெமெட்ஸ் மரத்தைக் கருக்கியே சிற்பமாக்குகிறார். இவர்களுக்குக் கிடைக்கும் விலை ஊரின் எல்லாச் சிற்பிகளுக்கும் கிடைப்பதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.