வெளிநாட்டில் பிறந்தவர் இந்திய அணிக்கு ஆடுவது எப்படி?

சேலம் காந்தி மைதானத்தில் கால்பந்து பழகும் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு நாட்டில் பிறந்து, பின்னர் வேறொரு நாட்டின் குடியுரிமையைச் சட்டப்படி பெற்று, அந்நாட்டு அணியில் ஆடுபவரைக் குடியுரிமை பெற்ற வீரர் என்கிறோம்.

கிளப் அணியில் சேர ஒப்பந்தம் போதும். தேசிய அணிக்குக் குடியுரிமை வேண்டும். காசு கொடுத்து ஆள் சேர்ப்பதைத் தடுக்கவே, பூர்வீகத் தொடர்பு ஏதுமின்றிப் பெரியவரான பின் குடியேறிய வீரர் 5 ஆண்டுகளாவது அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா விதித்திருக்கிறது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா, தந்தை இந்தியராக இருந்தும், இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்காததால், ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்த பிறகே 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய முடிவு என்பதை நாம் மதிக்க வேண்டும்.

ஏற்காட்டுக் காப்பியை எண்ணிப் பாருங்கள்: 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த அந்தச் செடி, சேர்வராயன் மலை மண்ணில் வேரூன்றி, சில்வர் ஓக் நிழலில் காய்த்துப் பழுப்பதால், இன்று அதை அயலூர்ச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. குடியுரிமை பெற்ற வீரரும் அப்படித்தான்.

இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலே இந்திய அணியில் ஆடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அட்டை குடியுரிமை ஆகாது, இந்திய பாஸ்போர்ட் இல்லாமல் அணியில் இடமில்லை.