கராம்பு மணக்கும் சென்ற்: கடையில் ஒன்று, வீட்டில் வேறொன்று

கேள்வி (கிளிநொச்சி): கடையில் அடித்துப் பார்த்தபோது ஏலமும் மிளகுமாக அருமையாக மணந்தது. 100 மில்லிலீற்றர் போத்தலை 12,000 ரூபாவுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வெறும் மரத்தூள் மணம்தான் மிச்சம். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் காசு கொடுத்தது அந்தச் சென்ற்றின் முதல் கால் மணித்தியாலத்துக்கு. ஏலம், மிளகு, தோடம்பழத் தோல் எல்லாம் சுறுக்காக ஆவியாகிறவை. 15 முதல் 30 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கராம்பும் கறுவாவும் இரண்டு, மூன்று மணித்தியாலம் நிற்கும். அதற்குப் பிறகு தோலில் கிடப்பது சந்தனம், சீடர் மரம், வெட்டிவேர், பிசின் வகைகள். இவற்றின் மூலக்கூறுகள் பாரமானவை, ஆறுதலாகத்தான் பறக்கும். காரமும் மரமும் கலந்த சென்ற்றை நாளில் பெரும்பகுதி நீங்கள் மணப்பது இந்த அடிமணமாகத்தான். அது பிடிக்காவிட்டால் மேலே எவ்வளவு ஏலம் இருந்தும் பயனில்லை.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். அச்சில்லாத, வழவழப்பில்லாத வெள்ளைக் கடதாசியை விரலகலத்தில் வெட்டிக் கொண்டுபோங்கள். ஒரு துண்டில் ஒரு தரம் அடித்து, ஸ்பிரிட் பறக்க அரை நிமிடம் விட்டு முகருங்கள். பெயரையும் நேரத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வகை போதும், நாலாவதில் மூக்கு மரத்துவிடும். கோப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். வெளியே வந்து பத்து நிமிடம் நிற்பதைவிட அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பிடித்த ஒன்றை மட்டும் முழங்கையின் உட்பக்கம் ஒரு தரம் அடித்துக்கொண்டு, வாங்காமல் பஸ் ஏறுங்கள். நாலு மணித்தியாலம் கழித்தும் பிடித்திருந்தால் மற்ற நாள் போய் வாங்கலாம்.

ஏசி போட்ட கடையில் எடுக்கும் முடிவு எங்கள் பக்கத்து வெயிலுக்குப் பொருந்தாது. கச்சான் வீசும் மாதங்களில் இனிப்புக் கூடிய கறுவா மணம் மத்தியானத்தில் திகட்டும். வெட்டிவேரும் சீடரும் தூக்கலான, வறண்ட மணம் தாங்கும்.

இன்னொன்று: இன்றைய மரமணச் சென்ற்றுகள் பலவற்றில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள் உண்டு. அதைச் சிலருடைய மூக்கு பிடிப்பதேயில்லை, சிலருக்கு விட்டுவிட்டுத்தான் மணக்கும். “போய்விட்டது” என்று திரும்ப அடிக்க முன்னர் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். அவருக்குத் தலையிடிக்கிற அளவுக்கு மணந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி (மாங்குளம்): அதே சென்ற் 30 மில்லிலீற்றர் 5,400, 100 மில்லிலீற்றர் 12,000. பெரியதுதானே லாபம்?

பதில்: கணக்கில் லாபம்தான்: ஒரு மில்லிலீற்றர் 180 ரூபா, மற்றது 120. ஆனால் ஒரு தரம் அமத்தினால் வருவது ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர். நாளுக்கு மூன்று தரம் என்றால் சிறியது 100 நாள், பெரியது 330 நாளுக்கு மேல். தினமும் வேலைக்குப் போட்டுப் போகிறவருக்குப் பெரியது சரி. கோயில், கலியாணவீடு என்று மாதத்தில் நாலு நாள் போடுகிறவருக்குச் சிறியதே இரண்டு வருடத்துக்கு வரும். தகரக் கூரையின் கீழ், யன்னலோரத்தில் அது அவ்வளவு காலம் தாங்காது. பெட்டியோடு அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். நிறம் கடுத்தால் மட்டும் பயப்பட வேண்டாம், கராம்பும் வனிலாவும் சேர்ந்தவை அப்படித்தான் கடுக்கும். அடித்தவுடன் புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால்தான் பழுது.

போத்தலில் “ஓ த பர்ஃபம்” (Eau de Parfum) என்றிருந்தால் வாசனைப்பொருள் பொதுவாக 15–20 சதவீதம், “ஓ த துவாலெற்” (Eau de Toilette) என்றிருந்தால் 5–15. பெயரைப் பார்த்து மட்டும் கூடக் கொடுக்காதீர்கள். எலுமிச்சை வகைப் பர்ஃபத்தைவிட மரவகைத் துவாலெற் அதிக நேரம் நிற்கும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பெயர்போன சென்ற், பாரிஸிலிருந்து வந்த அசல் என்று 3,500 ரூபாவுக்குத் தருகிறார்கள். அசல் ஊத் கலந்ததாம்.

பதில்: அந்த விலைக்கு அகில் மரத்து ஊத் எண்ணெய் கிடைக்காது, இருப்பது செயற்கை ஊத். அது குற்றமில்லை, நல்ல மணம் தருகிறவையும் உண்டு. பெயரைத் திருடியிருந்தால்தான் மோசடி. பெட்டியின் அடியிலும் போத்தலின் அடியிலும் உள்ள தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அமத்தினால் மெல்லிய பனிப்புகார் போல வர வேண்டும். துளித்துளியாகச் சிந்தினால் விட்டுவிடுங்கள். இறக்குமதியாளர் பெயரும் உச்ச சில்லறை விலையும் பெட்டியில் இல்லையென்றால் பின்னர் யாரிடம் போவீர்கள்? பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசி 1977.

கேள்வி (வவுனியா): கழுத்தில் அடித்தால் சிவந்து கடிக்கிறது.

பதில்: கராம்பிலுள்ள யூஜினோலும் கறுவாவிலுள்ள சினமால்டிகைட்டும் சிலருடைய தோலுக்கு ஆகாது. பெட்டியில் இந்தப் பெயர்கள் (Eugenol, Cinnamal) இருக்கின்றனவா பாருங்கள், அந்தச் சென்ற்றைத் தோலில் போடுவதை நிறுத்துங்கள். சேட்டின் உட்பக்கத்தில், தோலில் ஒட்டாத இடத்தில் அடித்துக் காயவிட்டு உடுத்தலாம். அப்போதும் கடித்தால் அந்தப் போத்தலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டில் மட்டும் வேண்டாம், கடும் நிறச் சென்ற்றின் பழுப்புக் கறை இலேசில் போகாது.