சிர்டுயின்: முதுமைக்குக் கடிவாளமா?

கேள்வி: சிர்டுயின் என்ற புரதத்தைத் தூண்டினால் முதுமை தள்ளிப்போகும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மையில் அது உடலில் என்ன வேலை செய்கிறது?

பதில்: சிர்டுயின் என்பது ஒற்றைப் புரதம் அன்று, ஒரு நொதிக் குடும்பம். மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் இதில் ஏழு உறுப்பினர்கள் உண்டு. பெரும்பாலும் 1, 6, 7 ஆகியவை உட்கருவிலும், 2 சைட்டோபிளாசத்திலும், 3, 4, 5 ஆகியவை மைட்டோகாண்ட்ரியாவிலும் பணிபுரிகின்றன.

செல்லில் உள்ள பல புரதங்களின் மீது அசிட்டைல் என்னும் சிறிய வேதிக்குழு ஒட்டிக்கொண்டு, அவற்றின் செயல்பாட்டை மாற்றுகிறது. அதை நீக்குவதே சிர்டுயின்களின் முதன்மையான வேலை. ஒவ்வொரு முறை நீக்கும்போதும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறு ஒன்று உடைந்து செலவாகிறது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வினைகளில் எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்வதும் இதே என்.ஏ.டி.தான் என்பதால், செல்லின் ஆற்றல் இருப்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப சிர்டுயின்களின் வேகமும் கூடிக் குறைகிறது. என் பார்வையில், ஆயுளைப் பற்றிய பேச்சைவிட இந்தப் பிணைப்புதான் சுவையானது.

உண்ணாதிருக்கும் வேளையில் கல்லீரலில் நடப்பதைப் பாருங்கள். அங்கே சிர்டுயின்-1, பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதத்திலிருந்து அசிட்டைலை அகற்றி, புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. அதே நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவில் சிர்டுயின்-3, கொழுப்பு அமிலங்களை எரிக்கும் நொதியைச் சுறுசுறுப்பாக்குகிறது. உடல், சர்க்கரையை நம்பியிருந்த நிலையிலிருந்து சேமித்த கொழுப்புக்கு மாறுவதில் இவ்விரண்டுக்கும் பங்கு உண்டு.

ஆயுள் பற்றிய பரபரப்பு ஈஸ்ட்டிலிருந்து வந்தது. 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் லெனார்ட் குவாரென்டேயின் குழு, ஈஸ்ட்டின் சிர்டுயின் மரபணுவான சர்2-இன் கூடுதல் பிரதி ஒன்றை ஈஸ்ட் செல்லில் சேர்த்தபோது, தாய்ச் செல் எத்தனை தடவை பிரிகிறது என்ற எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. பின்னர் புழுவிலும் பழ ஈயிலும் இதே விளைவு கண்டதாகச் சொல்லப்பட்டது. ஆனால் 2011இல், ஒப்பிடப்பட்ட உயிரிகளின் மரபுப் பின்னணியைச் சரிசெய்து சோதித்தபோது அந்த நீட்டிப்பு மறைந்துவிட்டது. எலிகளில் கிடைத்த விடையும் ஒரேமாதிரி இல்லை. சிர்டுயின்-6 இல்லாமல் பிறக்கும் எலிகள் இரத்தச் சர்க்கரை சரிந்து, நான்கு வார வயதிலேயே பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. அதைக் கூடுதலாகப் பெற்ற ஆண் எலிகள் நீண்ட காலம் வாழ்ந்தன என்று 2012இல் தெரியவந்தது, ஆனால் பெண் எலிகளிடம் அந்தப் பலன் தென்படவில்லை. உடல் முழுவதும் சிர்டுயின்-1 கூடுதலாக இருந்த எலிகளோ முதுமையில் ஆரோக்கியமாக இருந்தனவே தவிர, கூடுதல் காலம் வாழவில்லை.

கேள்வி: அப்படியானால் ரெஸ்வெரட்ரால், என்.எம்.என். (உடலில் என்.ஏ.டி.யாக மாறும் பொருள்) மாத்திரைகளால் பயன் உண்டா?

பதில்: திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் சிர்டுயினைத் தூண்டுவதாக 2003இல் அறிவிக்கப்பட்டது. அந்த நம்பிக்கையில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றை 2008இல் கிளாக்சோஸ்மித்க்ளைன் என்ற மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கியது. கொழுப்பு மிகுந்த உணவு தின்ற எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் உதவியது. சாதாரண உணவு தின்ற எலிகளின் ஆயுளை அது நீட்டவில்லை.

வயது ஏற ஏற பல திசுக்களில் என்.ஏ.டி. குறைகிறது, சிடி38 என்ற மற்றொரு நொதி அதை அதிகமாகச் செலவழிப்பது இதற்கு ஒரு காரணம். என்.எம்.என். மாத்திரைகள் இரத்தத்தில் என்.ஏ.டி.யை உயர்த்துவது மனிதர்களிடம் காணப்பட்டுள்ளது. ஆனால் அவை மனித ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. மேலும், புற்றுநோய்ச் செல்களும் என்.ஏ.டி.யைச் சார்ந்தே வளர்வதால், அந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.