ரெனால்ட் 5 டர்போவில் பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் என்ஜின் ஏன்?

ரேலியில் (சாலைகளில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம்) ஜெயிக்கத்தான். வேறு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

சாதாரண ரெனால்ட் 5, 1972-ல் வந்த சிக்கனமான குடும்பக் கார். என்ஜின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரங்கள். அந்தச் சமயத்தில் ரேலிக்கென்றே செய்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ், டிரைவருக்குப் பின்னால் என்ஜினை வைத்துக்கொண்டு, 1974 முதல் 1976 வரை மூன்று உலகப் பட்டங்களை அள்ளியது. ரெனால்ட் அதிகாரி ஜான் டெராமோர்ஸிக்கு அதேபோல ஒன்று வேண்டும், ஆனால் பார்த்தால் ஷோரூமில் விற்கிற 5 மாதிரி இருக்க வேண்டும். என்ஜின் பின்னால் போனது, இப்போது காரைத் தள்ளும் பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் கிடைத்தது, பின் சீட் காணாமல் போனது. பின் மட்கார்டுகளைப் புடைக்க வைத்து உருவம் கொடுத்தவர் பெர்டோனே வடிவமைப்பு நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. ஸ்ட்ராட்டோஸை வரைந்தவரும் அவரேதான்!

எனக்கு ரொம்பப் பிடித்தது என்ஜின் கணக்கு. புதிதாக எதுவும் செய்யவில்லை, பழைய புஷ்ராட் (தண்டுகள் தள்ளி வால்வைத் திறக்கும்) 1397 சிசி என்ஜின்தான். பந்தய விதிப்படி டர்போ (புகையின் வேகத்தால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) என்ஜினின் சிசியை 1.4-ஆல் பெருக்க வேண்டும். 1397-ஐப் பெருக்கினால் 1956; 2000-க்குள் அடங்கிவிடுகிறது. அந்த வகுப்பில் கார் எடை குறைவாக இருக்கலாம். காரெட் டி3 டர்போவும் போஷ் எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்து சாலைக் காரிலேயே 160 குதிரைத்திறன் கொடுத்தன. டர்போ இல்லாத 5 ஆல்பைன் மாடலில் வந்தது 93தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் மொத்தமாக வந்து தள்ளும். வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும்.

குரூப் 4 என்ற ரேலிப் பிரிவில் ஓட 400 கார்கள் தயாரித்தாக வேண்டும். தியெப் ஊரிலுள்ள ஆல்பைன் ஆலையில் 1980-ல் ஆரம்பித்தார்கள். 1981 ஜனவரியில் மான்டே கார்லோ ரேலியில் இந்தக் காரை ஓட்டி ஜான் ரன்யோட்டி ஜெயித்தார். ஆனால் அதே ரேலியில்தான் ஆடி குவாட்ரோ உலகப் பட்டப் போட்டியில் அறிமுகமானது. விபத்தில் சிக்கும்வரை அதை ஓட்டிய மிக்கோலா பெரிய இடைவெளியில் முன்னால் இருந்தார். குவாட்ரோவின் நான்கு சக்கர இழுவைக்கு முன்னால் பனியிலும் மண்ணிலும் இந்தக் கார் எடுபடவில்லை. கார்சிகா தீவின் தார்ச்சாலை மட்டும் இதன் கோட்டை: 1982, 1985 இரண்டிலும் ரன்யோட்டிதான்.

இன்னொன்று, 1985-ல் வந்த 5 ஜிடி டர்போ வேறு கார். அதில் என்ஜின் முன்னால், பின் சீட்டும் உண்டு, 115 குதிரைத்திறன். பழைய கார் விளம்பரங்களில் இரண்டையும் சகட்டுமேனிக்குக் குழப்புவார்கள், விலையோ பல மடங்கு வித்தியாசம்.