டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த கேபிள்?

கேள்வி: பழைய மோட்டாருக்குப் புதிதாக விஎஃப்டி டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வைக்கிறோம். தூரம் 80 மீட்டர். ஏற்கெனவே கிடக்கும் சாதாரண பிவிசி கேபிளையே இழுத்துவிடலாமா?

பதில்: ஓடும், ஆனால் நான் அதை இழுக்க மாட்டேன். டிரைவிலிருந்து வருவது வழவழப்பான சைன் அலை இல்லை, விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்புகள். 400 வோல்ட் சப்ளை என்றால் டிரைவின் உள்ளே டிசி சுமார் 540 வோல்ட். கேபிள் நீளமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் மோட்டார் முனையில் மோதித் திரும்பி, அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது ஆயிரத்துக்கும் மேல் எகிறலாம். அடி விழுவது கேபிள் இன்சுலேஷனுக்கு மட்டுமில்லை, மோட்டார் வைண்டிங்குக்கும்தான். பழைய மோட்டார் என்கிறீர்கள், அதனால் டிரைவ் பக்கம் ஒரு டிவி/டிடி ஃபில்டர் (துடிப்பு எகிறும் வேகத்தைத் தணிப்பது) போடுவதையும் யோசியுங்கள்.

கேபிள் எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன்) இன்சுலேஷனோடு, ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) உள்ளதாக, மூன்று ஃபேஸுக்கு நடுவே மூன்று எர்த் கம்பிகள் சமச்சீராக அமைந்ததாக இருக்கட்டும். எர்த் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் மோட்டார் பேரிங் வழியாக மின்னோட்டம் பாய்ந்து அதை அரிக்கும் வாய்ப்பு கூடும்.

சைஸ்? மோட்டாரின் முழுச்சுமை ஆம்பியரை எடுத்து, சூட்டுக்கும் டிரேயில் கூடப் போகும் கேபிள்களுக்கும் கேபிளின் தாங்குதிறனில் கழித்த பிறகும் அது போதுமா என்று பாருங்கள், அப்புறம் வோல்டேஜ் டிராப் (வழியில் குறையும் வோல்டேஜ்).

பலரும் கோட்டைவிடுவது ஷீல்டில்தான். அதை முறுக்கி வால் மாதிரி எர்த்தில் கட்டாதீர்கள், இரண்டு முனையிலும் இஎம்சி கிளாண்டு (மின்காந்த இடையூறைத் தடுக்கும் உலோகக் கேபிள் பிடிப்பான்) போட்டு சுற்றிலும் பிடிக்க வேண்டும். சென்சார் கேபிளைப் பக்கத்திலேயே ஓட்டாதீர்கள், குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.